மக்டலீன் மிதித்த பாட்டு

என் கோபத்தைப் பற்றி என் மனைவி சொல்வதை இங்கே எழுத முடியாது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு வேறு ஒரு காரணமும் இல்லை. என் பழைய கசெற் டெக் நாடாவைச் சுற்றிக்கொண்டது. நிதானமான மனிதன் என்றால் பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, ரப்பர் உருளையைப் பின்பக்கமாகத் திருப்பி, நாடாவை மெல்ல மெல்ல வெளியே எடுத்திருப்பான். நான் இழுத்தேன்.

"இழுக்காதே" என்று என் குழுவில் கீபோர்ட் வாசிக்கிற மரிவிக் கத்தினாள். அதற்குள் நாடா மூன்று துண்டாகிவிட்டது. நடுத்துண்டு நூல்போல நீண்டு என் விரலில் தொங்கியது. பாட்டு இருந்தது அந்த நடுத்துண்டில்தான்.

அது வெறும் பாட்டு என்றால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் எந்தப் பிளாசாவுக்குள் நுழைந்தாலும் கசெற் வாங்கலாம். இது மக்டலீன் அன்ரியின் மகள் செலீன் பாடியது. யாழ்ப்பாணத்துப் பாஷையூரில், தொண்ணூற்றிரண்டில், வீட்டு விறாந்தையில் பதிந்தது. அடுத்த வருடம் தாயும் மகளும் சண்டைக்குத் தப்பிக் கிளாலிக் கடலைக் கடக்க இரண்டு படகுகளில் ஏறினார்கள். தாயின் படகு கரை சேர்ந்தது. செலீனுக்கு அப்போது பத்தொன்பது வயது. படங்கள் எல்லாம் விட்டுவிட்டு வந்த வீட்டோடு போய்விட்டன. தாயின் கைப்பையில் இந்தக் கசெற் இருந்தது. அந்தப் பிள்ளை உலகத்தில் இருந்தாள் என்பதற்கு மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். அதைத்தான் நான் இழுத்தேன்.

முந்தின ஞாயிறு அன்ரி அதை ஒரு கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அவருடைய மகன் அகஸ்ரின் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அவனுக்குச் சனிக்கிழமை கலியாணம். பாட்டுக்கும் ஒலிக்கும் என்னுடைய குழு.

"தம்பி சச்சி, இது ஒண்டுதான் இருக்கு. வரவேற்பிலை முதல் பாட்டாய் இது போகவேணும். தங்கச்சி பாடித்தான் தமையன்ரை கலியாணம் தொடங்கவேணும்."

"ஓம் அன்ரி."

"கடைசியிலை நாங்கள் கொஞ்சம் கதைச்சிருக்கிறம். அது சனத்துக்கு வேண்டாம். உந்தக் கதையை வெட்டிவிடும்."

"அது சின்ன வேலை அன்ரி" என்றேன்.

முதலில் பிரதி எடு, மற்றதெல்லாம் பிறகு. பன்னிரண்டு வருடம் ஒலி வேலை பார்த்தவனுக்கு இதை ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் செவ்வாயன்று மரிவிக் வேலையால் நேரே என் பேஸ்மென்டுக்கு வந்திருந்தாள். ஒரு மணித்தியாலம்தான் அவளுக்கு நேரம் இருந்தது. செலீனின் குரலுக்குக் கீழே மெல்லிதாகக் கீபோர்ட் போடலாம் என்பது என் மூளையில் உதித்த யோசனை. சுருதி பிடிப்பதற்காக அவள் ஆறு தடவை அதைக் கேட்டாள். ஏழாவது தடவை டெக் கடித்தது. அந்த உருளையைத் துடைக்கச் சொல்லி எல்லாரும் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மரிவிக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். பிலிப்பினோக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பகலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிறுகளில் அவர்களுடைய தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள்தான். அதே தேவாலயத்தில் பிலிப்பினோக்களின் பூசை முடியத் தமிழ்ப் பூசை. ஒருநாள் தமிழ்ப் பூசைக்கு மைக் பூட்டப் போனபோது, பின் அறையில் யாரோ கதிரைகளை அடுக்கிக்கொண்டு தமிழ்ப் பாட்டுப் பாடுவது கேட்டது. ழகரம்கூடச் சுத்தம். எங்கள் பிள்ளைகளில் ஒருத்திக்கும் அது வராதே, யாரப்பா இது என்று எட்டிப் பார்த்தால் இவள் நிற்கிறாள். போன கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாளாம். ஒரு சொல்லுக்கும் கருத்துத் தெரியாது.

அதற்கு அவர்கள் பாஷையில் பெயர் இருக்கிறது. பிளக்காடோ. இசைத்தட்டில் எப்படி இருக்கிறதோ, அப்படியே. இருபது வயதில் அவள் அமெரிக்கக் கடற்படைக்காரர்கள் வந்துபோகும் ஊரில் பாடியிருக்கிறாள், பிறகு ஒசாக்காவில் ஹோட்டல்களில்.

"தட்டில் கித்தார்க்காரன் பிழை விட்டிருந்தால் எங்கள் கித்தார்க்காரனும் அதே இடத்தில் அதே பிழையை விடவேண்டும்" என்று ஒருமுறை சொன்னாள். "பாடகி மூச்சுத் திணறினால் நானும் திணறவேண்டும். அழகாக்கினால் முதலாளி சம்பளத்தில் கை வைப்பான். காசு கொடுத்தவர்கள் கேட்க வந்தது எங்களை இல்லை."

நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில். அவளுக்கும் எனக்கும் வந்த ஆங்கிலத்தில்.

அன்று நாடாத் துண்டுகளை மேசையில் பரப்பி ஒட்டிப் பார்த்தேன். போட்டபோது கிணற்றுக்குள்ளிருந்து மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. மரிவிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"தாயிடம் போய்ச் சொல்லு" என்றாள்.

"சொல்ல ஏலாது."

"இன்றைக்கே சொல்லு. நாளைக்கு இதைவிடக் கஷ்டமாக இருக்கும்."

"மரிவிக், நீ பாடு."

அவள் விளங்காததுபோலப் பார்த்தாள். நான் வேகமாகச் சொன்னேன். திரைக்குப் பின்னால் நின்று நீ பாடு, நான் டெக்கில் வெறும் கசெற்றை ஓடவிடுகிறேன், எல்லாரும் செலீன்தான் என்று நினைப்பார்கள். நீ பாடுவதை அதே கசெற்றில் பதிந்து, பழைய பெட்டிக்குள் போட்டு அன்ரியிடம் கொடுத்துவிடுகிறேன். சொல்லச் சொல்ல எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

"ஆறு தடவை கேட்டது போதுமா உனக்கு?"

"நான்கு போதும்" என்றாள். அதில் பெருமை ஒன்றும் இருக்கவில்லை. கோட்டோடு அப்படியே நின்று கண்ணை மூடிப் பாடினாள்.

மாதா பாட்டு அது. மூன்று அடி, ஒவ்வொரு அடியிலும் நாலு வரி. அவர்கள் கோயிலில் பாட்டுப் பழக்கிய வாத்தியார் எழுதியது. அந்தக் கோயிலுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது அடியில் செலீனின் குரல் மூக்கால் கொஞ்சம் கசியும், அது வந்தது. மூன்றாவது அடி தொடங்கும்போது சுருதி ஒரு மயிரிழை மேலே ஏறும், அதுவும் வந்தது. அந்த ஏற்றத்தின் காரணம் எனக்குத் தெரியும். ஊரில் கரண்ட் இல்லாத காலம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் ஏறி மிதிக்க, டைனமோவில்தான் ரேடியோவும் ரெக்கோர்டரும் ஓடின. மிதிப்பவருக்குக் களைத்தால் பதியும் மெஷின் மெதுவாகும். பிறகு ஒழுங்கான வேகத்தில் போட்டுக் கேட்கும்போது குரல் மேலே போகும். அன்று மிதித்தது தாய். அந்தக் களைப்பையும் சேர்த்து இவள் பாடினாள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "போதும், போதும்" என்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

மரிவிக் கண்ணைத் திறந்தாள். "உனக்காகப் பாடுவேன். உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தாய் என்னிடம் கேட்டால் உள்ளதைச் சொல்லுவேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் முகத்தில் முழிக்க வேண்டியவள் நான்."

"கேட்க மாட்டார்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அன்ரி தொலைபேசி எடுத்தார். பின்னால் பலகாரம் பொரியும் சத்தம் கேட்டது.

"தம்பி, எல்லாம் சரிதானே?"

"ஓம் அன்ரி."

"கடைசிக் கதையை வெட்டினீரோ?"

"வெட்டியாச்சு அன்ரி."

கேள்வி முடிய முதல் பொய் வெளியே வந்துவிட்டது. பிடிபடாமல் இருப்பது ஒன்றுதான் அப்போது என் தலைக்குள் இருந்தது. என்ன கேட்டார், எதற்கு ஓம் போட்டேன் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் மரிவிக்குக்கு ஒரு தொலைபேசி எடுத்திருப்பேன். தமிழ் தெரிந்த ஒருவனுக்குப் பாட்டு எது, கதை எது என்று பிரித்துப் பார்க்கவே தேவையில்லை. அது தானாகவே பிரிந்து நிற்கும். தெரியாதவளுக்கு எல்லாம் ஒன்றுதான் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபம் நிறைந்துவிட்டது. முந்நூறு பேர். மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் மரிவிக்கை ஒரு ஸ்டூலில் இருத்தி, மைக்கைச் சரிபார்த்து, வயரைக் கம்பளத்துக்குக் கீழே ஒளித்தேன். என் மேசை திரைக்குப் பக்கத்தில், மிக்ஸரும் அந்தப் பாழாய்ப்போன டெக்கும். உருளையைத் துடைத்திருந்தேன். இப்போது துடைத்து என்ன. டெக்குக்குப் பக்கத்தில் செலீனின் கசெற் பெட்டியை எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன். அதில் பச்சை மையில் பெயரும் திகதியும் இருந்தன, செலீனின் கையெழுத்து. உள்ளே இருந்த துண்டுகள் என் கோட்டுப் பொக்கற்றில் ஒரு பிளாஸ்ரிக் பையில் கிடந்தன.

மணமக்கள் வந்து இருந்தார்கள். அகஸ்ரின் என் பக்கம் பார்த்துத் தலையசைத்தான். அன்ரி முன் வரிசையில், ஊதாச் சேலையில், மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு இருந்தார். நான் மைக்கில் அறிவித்தேன். "மணமகனின் தங்கை செலீன் பாடுவார்." என் குரல் எனக்கே வேற்றாள் குரலாய்க் கேட்டது. டெக்கின் பொத்தானை அமத்தினேன். சிவப்பு லைற் எரிந்தது, சில்லுகள் சுற்றின. மூன்று எண்ணினேன்.

செலீன் பாடினாள். எனக்கு வேறு மாதிரிச் சொல்ல வராது.

முதலாவது அடியில் மண்டபத்தில் இருந்த சலசலப்பு அடங்கியது. பாஷையூர்ச் சனம் சிலர் எழும்பி நின்றார்கள். அகஸ்ரின் கைலேஞ்சியால் முகத்தைப் பொத்தினான். இரண்டாவது அடி. மூக்கால் கசிந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. திரை கொஞ்சம் அசைந்தாலும் போதும், ஒரு தும்மல் வந்தாலும் போதும், நான் துலைந்தேன். இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று சிவப்பு லைற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது அடி தொடங்கிச் சுருதி ஏறியதும் அன்ரி எழும்பினார்.

அவர் அழவில்லை. நேரே என் மேசையை நோக்கி நடந்து வந்தார். வேகமாகவும் வரவில்லை, ஆறுதலாகவும் வரவில்லை. திரைக்கும் அவருக்கும் நடுவில் நான் நின்றேன். ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை. டெக்கின்மேல் கையை வைத்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

"வெட்டினனீர்தானே?" என்று மெல்லக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா, தெரியாது. திரைக்குப் பின்னால் பாய்ந்து மரிவிக்கின் வாயைப் பொத்தலாமா என்றுகூட யோசித்தேன். மிக்ஸரில் சத்தத்தைக் குறைத்திருக்கலாம், அது ஒரு விரல் வேலை. விரல் வரவில்லை.

பாட்டின் கடைசி அடியில் மூன்று வரி முடிந்தது. ஸ்பீக்கர்களில் மூச்சிரைக்கும் சத்தம் வந்தது. பிறகு வயதான ஒரு பெண்ணின் குரல். என் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் குரல்.

"போதும் பிள்ளை. கால் நோகுது."

முந்நூறு பேரும் கேட்டார்கள். அன்ரியின் முகம் சுருங்கியது. அவருக்கு நடுவிலிருக்கிற நிறுத்தும் பொத்தான் தெரியும், இத்தனை வருடமாக இந்த இடத்தில் அதைத்தானே அமத்தி வருகிறார். அமத்தினார். டெக் கடக்கென்று நின்றது. சில்லுகள் நின்றன. சிவப்பு லைற் அணைந்தது.

குரல் நிற்கவில்லை.

"இன்னும் ஒரு வரிதான் அம்மா. மிதியுங்கோ" என்றாள் செலீன்.

அன்ரி நின்றுபோன டெக்கைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. செலீன் கடைசி வரியைத் தொடங்கினாள். இரண்டு சொல், மூன்றாவது சொல்லில் பாதி, அதற்குள் குரல் கிறீச்சென்று அணில் கத்துவதுபோல உச்சிக்கு ஏறி அறுந்தது. சைக்கிள் நின்ற இடம் அது.

அன்ரி என்னை விலத்திக்கொண்டு போய்த் திரையை இழுத்தார்.

மரிவிக் கண்ணை மூடியபடி ஸ்டூலில் இருந்தாள். வெளிச்சம் பட்டுக் கண்ணைத் திறந்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிழை விட்டுவிட்டோமோ என்று பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு அன்ரியின் முகத்தைப் பார்த்து எழும்பினாள்.

"நீ சொல்கிறாயா? நான் சொல்லவா?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் சொன்னேன். பொக்கற்றுக்குள் இருந்த பையை எடுத்துக் கொடுத்தேன். அன்ரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை அன்ரி."

"நாலு நாள்." அவர் குரல் உயரவில்லை. "நாலு நாளாய் என்ரை பிள்ளை இல்லை. நான் வீட்டிலை பலகாரம் சுட்டுக்கொண்டு இருந்திருக்கிறன்."

அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அகஸ்ரின் மேடையால் இறங்கி வந்து தாயின் தோளைப் பிடித்தான். "அம்மா, வாங்கோ. பிறகு கதைப்பம்." அவர் அவன் கையை எடுத்துவிட்டார்.

"அண்டைக்கு எனக்குக் கால் நோகேல்லை" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. மைக் திறந்தபடி இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "அலுப்பு. உலையிலை சோறு கிடந்தது, வடிக்கவேணும். அதுக்குத்தான் கால் நோகுது எண்டனான். ஒரு வரி. ஒரு வரிக்கு மிதிச்சிருக்கலாம். உதைச் சனம் கேக்கக்கூடாது எண்டுதான் வெட்டச் சொன்னனான்."

நான் மரிவிக்குக்கு மொழிபெயர்த்தேன். சொற்கள் எனக்குள் இடறின. தான் பாடிய கடைசித் துண்டு பாட்டே இல்லை என்று அறிந்ததும் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னியுங்கள் அம்மா" என்றாள் ஆங்கிலத்தில். "எல்லாம் பாட்டு என்று நினைத்தேன்."

அன்ரி அவளையே பார்த்தபடி என் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்.

"இவளைத் திருப்பிப் பாடச் சொல்லும். கடைசி அடி மட்டும். இந்தமுறை நான் நிப்பாட்ட மாட்டன்."

நான் பழக்கதோஷத்தில் டெக்குக்குக் கை நீட்டினேன். பதிவதற்கு.

"உதைத் தொடாதையும்" என்றார். "இவள் வைச்சிருப்பாள்."

மரிவிக் இந்தமுறை கண்ணை மூடவில்லை. மூன்று வரியையும் அப்படியே பாடினாள், மூக்கும் ஏற்றமும் மூச்சும் எல்லாம். தாயின் குரல் வரவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அன்ரி நிறுத்தவில்லை. மண்டபத்தில் எங்கோ ஒரு குழந்தை கரண்டியால் கோப்பையைத் தட்டியது, யாரோ அதை வாங்கி வைத்தார்கள்.

"இன்னும் ஒரு வரிதான் அம்மா. மிதியுங்கோ" என்றாள் மரிவிக், செலீனாக.

"மிதிக்கிறன் பிள்ளை" என்றார் அன்ரி. "நீ பாடு."

இரண்டு சொல், மூன்றாவதில் பாதி. அதற்கு மேலே மரிவிக்குக்குத் தெரியாது. அதற்கு மேலே எந்தக் கசெற்றிலும் இருக்கவில்லை. அவள் நின்றாள். அன்ரி அந்தப் பாதிச் சொல்லை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தானே பாடினார். குரல் கரகரத்தது, சுருதி சேரவில்லை, நடுவில் ஒருமுறை இருமினார். ஆனால் கடைசி எழுத்துவரை போனார்.

மரிவிக் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைசி அடியை முதலிலிருந்து தொடங்கி, எங்கும் நிற்காமல், முடிவுவரை பாடினாள். அந்த இருமலையும் விடவில்லை.